கையிலிருந்து கைக்குப் போன தாள்கள்: எதிர்ப்பண்பாட்டு இயக்கங்களின் மிச்சங்களைக் காக்கும் முறை

1967 தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி தெருக்களில் நாள்தோறும் புதிய தாள்கள் புழங்கின. இலவசச் சாப்பாடு போட்ட 'டிக்கர்ஸ்' என்ற தெருக்குழுவைச் சுற்றியிருந்தவர்கள் 'கம்யூனிகேஷன் கம்பெனி' என்ற பெயரில் கெஸ்டெட்னர் என்ற ஸ்டென்சில் நகலியில் அடித்துத் தள்ளியவை அவை. இலவசச் சாப்பாட்டு அறிவிப்பு, போலீஸ் பற்றிய எச்சரிக்கை, கவிதை, கோபம் எல்லாம் அதில் வந்தன. மாலைக்குள் அந்தத் தாளின் வேலை முடிந்துவிடும். 1961 இறுதியில் தொடங்கிய வங்கத்தின் 'பசித்த தலைமுறை' கவிஞர்களும் ஒற்றைத் தாள் அறிக்கைகளைத்தான் கல்கத்தாவில் ஆட்களின் கையில் திணித்தார்கள். மாஸ்கோவில் 1968 ஏப்ரலில் தொடங்கிய ரகசியச் செய்தி ஏடு, மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் வைத்துத் தட்டச்சு செய்யப்பட்டது. படித்தவர் இன்னொரு முறை அடித்து அடுத்தவருக்குக் கொடுத்தார்.

நடப்புச் சமூக வழக்கங்களை மறுத்து எழுந்த எதிர்ப்பண்பாட்டு இயக்கங்களின் இந்தத் தாள்கள் எவையும் சேர்த்துவைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெயர் போட்டால் ஜெயில், அதனால் பெயர் இருக்காது. தேதி எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் தேதியும் இருக்காது. கிடைத்ததிலேயே மலிவான தாள். நூலகங்கள் வாங்கவில்லை. மிஞ்சியவை பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டியிலும் கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டியிலும் கிடக்கின்றன. அப்படி ஒரு பெட்டி உங்கள் கைக்கு வந்த மணி நேரத்திலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தக் கையேடு.

முதல் நாள்: எதையும் பிரித்து அடுக்காதீர்கள்

ஆர்வத்தோடு அடுக்கிவைக்கிறவர்கள் கையில்தான் அதிகம் தொலைகிறது. கடிதங்கள் ஒரு பக்கம், துண்டறிக்கைகள் ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம் என்று பிரித்த மாத்திரத்தில், இரண்டு தேதியிட்ட கடிதங்களுக்கு நடுவே இருந்த தேதியில்லாத அறிக்கை தன் ஒரே சாட்சியை இழந்துவிடும்.

பெட்டியை மூடிய நிலையில் நான்கு பக்கமும் மேல்புறமும் படம் எடுங்கள். பெட்டிமேல் கிறுக்கியிருப்பதையும் விடாதீர்கள். திறந்த பிறகு ஒவ்வொரு அடுக்காக, மேலிருந்து கீழே, கையால் தொடுவதற்கு முன் ஒரு படம். பிறகு எண் கொடுங்கள். பெட்டி, உறை, தாள் என்ற வரிசையில் 03-07-012 என்றால் மூன்றாம் பெட்டியில் ஏழாம் உறையில் பன்னிரண்டாம் தாள். எண்ணைத் தாளின் பின்புறக் கீழ்மூலையில் 2பி பென்சிலால், அழுத்தாமல், கெட்டியான பரப்பின்மேல் வைத்து எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா தாளில் பள்ளம் போடும், முன்பக்கம் தெரியும். ஒட்டுத்தாள் பசை விடும். கண்ணாடி போன்ற படத்தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறைமேல் மட்டும் எழுதினால் போதும்.

பெட்டியைக் கொடுத்தவரிடம் அன்றைக்கே கேட்டு எழுதிவைக்க வேண்டியவை: இது யாருடையது, எங்கெல்லாம் இருந்தது, இடையில் யார் யார் திறந்தார்கள், எதையாவது எடுத்தார்களா, எரித்தார்களா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இப்படிப்பட்ட இயக்கத்தில் இருந்தவர்கள் வீட்டுச் சோதனைக்குப் பயந்து ஒரு பகுதியை எரித்திருப்பது சாதாரணம். என்ன இல்லை என்று தெரிந்தால்தான் இருப்பதற்குப் பொருள் சொல்ல முடியும்.

பெட்டியில் பூச்சி இருந்தால் மற்றவற்றோடு வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். கரையான் மண்கோடு போட்டுக்கொண்டு உள்ளே போகும். உலர்ந்த தாள்களை இரண்டு பாலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை ஒட்டி, மைனஸ் 18 முதல் மைனஸ் 20 டிகிரி வரை போகும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. முழுதாக ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்து, பூச்சிக்குத் தப்பியது பூஞ்சணத்துக்குப் போய்விடும். புகைப்படம், நெகட்டிவ், இசைத்தட்டு, டேப் எதையும் இந்த முறையில் உறையவிடாதீர்கள்.

பூஞ்சணம் பிடித்த தாளை முதலில் காற்றோட்டத்தில் நிழலில் உலர்த்துங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது தாளுக்குள் அப்பிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்து பொடியான பிறகு, வெளியிடத்தில், என்-95 முகக்கவசம் போட்டு, மெல்லிய தூரிகையால் உங்களிடமிருந்து எதிர்ப்புறமாகத் தள்ளுங்கள்.

ரப்பர் பேண்டைப் பிய்க்காமல் வெட்டுங்கள். தாளோடு உருகி ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை முன்பக்கமிருந்து இழுத்தால் தாள் கிழியும். பின்புறம் திருப்பி, மடங்கிய இரண்டு காலையும் மெல்லிய தகடால் நிமிர்த்தி, பிறகு முன்புறமிருந்து எடுங்கள். எந்தெந்தத் தாள்கள் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன என்று குறித்துவிட்டு எடுங்கள். பழைய செல்லோடேப்பை உரிக்க முயல வேண்டாம். புதிதாகச் செல்லோடேப் போடவும் வேண்டாம். லேமினேஷன் செய்தால் அந்தத் தாளை இனி யாராலும் மீட்க முடியாது. தாளைத் தொட வெள்ளைக் கையுறை தேவையில்லை, விரலின் உணர்ச்சி மழுங்கித் தாள் கிழியும். சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். நெகட்டிவுக்கும் படத்துக்கும் மட்டும் கையுறை போடுங்கள்.

இந்தத் தாள் எப்படி அச்சானது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இயந்திரத்தில் அடித்தது என்று தெரிந்தால் எது அதைக் கெடுக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

சைக்ளோஸ்டைல் என்பது ஸ்டென்சில் வழியே மை இறக்கி நகலெடுக்கும் முறை. அதன் தாள் கரடுமுரடாக, மை உறிஞ்சும் வகையாக இருக்கும். எழுத்தின் ஓரம் சற்றே பிசிறும். மெழுகு ஸ்டென்சிலில் தட்டச்சு எழுத்து வெட்டும்போது வட்டங்களின் நடுப்பகுதி உதிர்ந்துவிடுவதால், சில வட்ட எழுத்துகள் மை நிரம்பிய பொட்டாகத் தெரியும். அதே பொட்டு அதே இடத்தில் இரண்டு தாள்களில் இருந்தால் இரண்டும் ஒரே ஸ்டென்சிலில் அடித்தவை. அடுத்த தாளின் முதுகில் மை ஒற்றியிருப்பதும் இதன் அடையாளம். இதன் மை பெரும்பாலும் கெடாது. தாள்தான் அமிலம் ஏறி மொறுமொறுத்து உடையும்.

ஊதா நிற எழுத்தும் வழவழத் தாளும் என்றால் ஸ்பிரிட் நகலி, அதாவது ஆல்கஹாலால் சாயத்தைத் தாளில் ஏற்றும் இயந்திரம். இதற்கு எதிரி வெளிச்சம். சன்னலோரம் சில மாதம் மாட்டியிருந்தாலே எழுத்து மங்கிவிடும். கண்காட்சியில் அசலை வைக்காதீர்கள், நகலை வையுங்கள். ஆல்கஹாலில் கரையும் சாயம் என்பதால் சானிடைசர் தடவிய ஈரக் கையால் தொட்டால் எழுத்து இழுபட்டுப் போகும்.

ஜெராக்ஸ் தாளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து மினுக்கும். டோனர் தாளின்மேல் ஒட்டி நிற்பதே தவிர உள்ளே இறங்குவதில்லை. மடிப்பில் உதிரும். சாதாரண பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்த்த ரசாயனம் டோனரை இளக்கி உறையோடு ஒட்டவைக்கும். பிறகு உறையை உரித்தால் பக்கமே உறைக்குப் போய்விடும். 1970-களின் பங்க் ரசிகர் இதழ்கள் பலவற்றுக்கு இதுதான் கண்டம். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். முகர்ந்து பாருங்கள்: புதுச் செருப்பு போல வாடை அடித்தால் அது பிவிசி.

கார்பன் பிரதியைத் தேய்க்கக் கூடாது, அழிப்பானே கிட்டே வரக் கூடாது. செய்தித்தாள் வகைத் தாளில் வந்த இதழ்களில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருப்பதால் அவை பழுப்பதோடு பக்கத்துத் தாளுக்கும் அமிலத்தைக் கடத்தும். அதற்காக அவற்றைப் பிரித்தெடுத்து வரிசையைக் குலைக்க வேண்டாம். கால்சியம் கார்பனேட் சேர்த்த காரத்தாள் ஒன்றை இரண்டுக்கும் நடுவே செருகினால் போதும். மிகப் பெரிய தாள் என்பதால் வேறு பெட்டிக்கு மாற்றியே ஆக வேண்டுமென்றால், அது இருந்த இடத்தில் எங்கே போயிற்று என்று எழுதிய ஒரு சீட்டு வையுங்கள்.

மடித்துச் சுருட்டிய சுவரொட்டியை அப்படியே விரித்தால் மடிப்பில் இரண்டாகப் பிளக்கும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஈரத்துணி போட்டு, அதற்குமேல் ஒரு கம்பித் தட்டு வைத்து, தட்டின்மேல் சுவரொட்டியை வைத்து மூடுங்கள். தண்ணீர் தாளில் படக் கூடாது, ஈரக்காற்று மட்டும் படட்டும். அரை மணிக்கொரு தரம் பாருங்கள். இரண்டிலிருந்து ஆறு மணி நேரத்தில் தாள் இளகி, துணிபோலத் துவளும். அப்போது இரண்டு மையொற்றுத் தாள்களுக்கு நடுவே விரித்து, பலகையும் எடையும் வைத்து இரண்டு நாள் விடுங்கள். முதல் நாள் ஒற்றுத்தாளை ஒரு முறை மாற்றுங்கள். ஸ்கெட்ச் பேனா, எழுதுமை, ஸ்பிரிட் நகலி, நீர்வண்ணம் எது இருந்தாலும் இந்த முறை வேண்டாம், நிறம் பரவும். ஒரு இரவு முழுக்க மறந்து விட்டுவிட்டால் பூஞ்சணம் வரும்.

தேதியில்லாத தாளுக்குத் தேதி

இதற்கு நேரம் கொடுங்கள். தேதியில்லாத துண்டறிக்கை அழகான தாள் மட்டுமே. தேதி கிடைத்த பிறகுதான் அது வரலாற்றுக்குச் சாட்சி சொல்லும்.

கிழமையும் நாளும் சேர்ந்து அச்சாகியிருந்தால் முக்கால் வேலை முடிந்தது. ஒரு தாளில் 'சனிக்கிழமை, ஜனவரி 14' என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 1960-க்கும் 1980-க்கும் இடையில் ஜனவரி 14 சனிக்கிழமையில் விழுந்த ஆண்டுகள் மூன்றே: 1961, 1967, 1978. கோல்டன் கேட் பூங்காவில் கூடுவதற்கான அழைப்பு என்றால் 1967-ஐத் தவிர வேறில்லை. அந்தச் சனிக்கிழமைதான் அங்கே 'ஹியூமன் பி-இன்' என்ற பெருங்கூட்டம் நடந்தது.

முகவரியைப் பாருங்கள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1963 ஜூலைக்குப் பிந்தியது. இந்திய முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. 'கல்கத்தா-12' என்று முடிந்தால் அநேகமாக அதற்கு முந்தியது, ஆனால் பழக்கத்தால் பின்னாலும் அப்படி எழுதியவர்கள் உண்டு. எனவே புதிய எண் இருப்பது உறுதியான சான்று. இல்லாதது பலவீனமான சான்று. பிரிட்டிஷ் இதழின் விலை ஷில்லிங் கணக்கில் இருந்தால் 1971 பிப்ரவரி 15-க்கு முந்தியது. அன்றுதான் அங்கே தசமப் பணம் வந்தது. தொலைபேசி எண்ணின் நீளம், அச்சகத்தின் பெயர், விளம்பரத்தில் வரும் இசை நிகழ்ச்சி, தட்டச்சில் எப்போதும் சற்று மேலேறி விழும் ஓர் எழுத்து, எல்லாம் பேசும். அந்த மேலேறிய எழுத்தை மூன்று தாள்களில் கண்டால் மூன்றும் அநேகமாக ஒரே இயந்திரத்தில் அடித்தவை.

ஊகித்த தேதியைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, காரணத்தை ஒரு வரியில் சேருங்கள்: [1967 ஜனவரி; கிழமையும் இடமும் கொண்டு]. காரணம் எழுதாத ஊகம் பத்தாண்டில் உண்மையென்று நடமாடும். பிறகு அதைத் திருத்த ஆள் இருக்காது.

எதிராளியின், அதாவது போலீஸ், நீதிமன்றத்தின் கோப்புகளையும் தேடுங்கள். 1964 செப்டம்பரில் பசித்த தலைமுறைக் கவிஞர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவரான மலய் ராய்சௌத்ரிக்கு ஆபாச வழக்கில் 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டு, 1967-இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலை கிடைத்தது. இத்தகைய வழக்குகளில் பறிமுதலான பிரசுரங்கள் தேதியும் கையொப்பமும் போட்டுச் சான்றுப் பொருளாகச் சேர்க்கப்படும். வேறெங்கும் கிடைக்காத தாள் வழக்குக் கட்டில் கிடைப்பதுண்டு. அமெரிக்காவில் 1956 முதல் 1971 வரை எஃப்பிஐ என்ற மத்தியப் புலனாய்வுத் துறை நடத்திய 'கோயின்டெல்ப்ரோ' வேவுக் கோப்புகளைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் பலர் வாங்கியிருக்கிறார்கள். கூட்டம் எந்த நாள், எந்த இடம் என்பதற்கு வேவுக் கோப்பை நம்பலாம். யார் என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பதற்கு நம்பாதீர்கள். எழுதியவர் கூலிக்கு எழுதினார், பெயர்களைக் குழப்பினார்.

ஸ்கேன்

கறுப்பு-வெள்ளைத் தாளாக இருந்தாலும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். தாளின் பழுப்பு, மையின் ஊதா, முத்திரையின் சிவப்பு எல்லாமே தகவல். 1966 முதல் 1968 வரை வந்த சான் பிரான்சிஸ்கோ 'ஆரக்கிள்' இதழில் ஒரே மைத்தொட்டியில் பல நிறங்களை ஊற்றி, ஒன்றோடொன்று கலந்து வழிய விட்டு வானவில் போல அச்சிட்டார்கள். பின்னால் இத்தகைய இதழ்கள் கறுப்பு-வெள்ளை மைக்ரோஃபிலிமுக்குப் போனபோது நிறமெல்லாம் சாம்பலாயிற்று. வண்ணப் பின்னணியில் வண்ண எழுத்து அச்சான பக்கங்களைப் படிக்கவே முடியாமல் போயிற்று.

எழுத்துத் தாளுக்கு அங்குலத்துக்கு 400 புள்ளிகள். உள்ளங்கை அளவுச் சீட்டுக்கும் புகைப்படத்துக்கும் 600. மூலக்கோப்பு சுருக்கப்படாத டிஃப் (TIFF) வடிவத்தில் இருக்கட்டும். ஏ-4 தாள் ஒன்று 400-இல் ஏறக்குறைய 46 எம்பி வரும், 600-இல் 104 எம்பி. ஆயிரம் தாள் என்றால் 46 ஜிபி. முதலிலேயே கணக்குப் போட்டு வட்டு வாங்குங்கள். பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் ஜேபெக்கோ பிடிஎஃப்போ தனியே செய்துகொள்ளலாம்.

ஸ்கேனரின் தானியங்கி ஒளி, கூர்மை, புள்ளி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனர் கூடவே கூடாது, ஓரம் நொறுங்கிய தாளை அது தின்றுவிடும். பின்பக்க அச்சு ஊடுருவித் தெரிந்தால் தாளின் முதுகில் கறுப்புத் தாள் வையுங்கள். கார்பன் பிரதி போல மெல்லிய, ஒரு பக்கம் மட்டும் அடித்த தாளுக்கு வெள்ளை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தடவை நிற அட்டையையும் அளவுகோலையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

அட்டை முதல் அட்டை வரை எடுங்கள். விளம்பரம், வெற்றுப் பக்கம், சந்தாச் சீட்டு, உள்ளே செருகிக் கிடந்த பேருந்துச் சீட்டு எதையும் விடாதீர்கள். கவிதைக்காக ஒரு இதழைத் திறப்பவருக்கு இணையாக, அதில் எந்தக் கடை விளம்பரம் கொடுக்கத் துணிந்தது என்று பார்க்கத் திறப்பவரும் வருவார்.

கேசட்

துண்டறிக்கையைவிடக் கேசட் அவசரம். தாள் இன்னும் ஐம்பதாண்டு தாங்கலாம். டேப்பும் தாங்கினாலும், அதை ஓட்டும் நல்ல கருவியும் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் குறைந்துகொண்டே போகிறார்கள். தாளையும் டேப்பையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதென்றால் டேப்பை முதலில் எடுங்கள்.

கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். இனி யாரும் தவறிப்போய் அதன்மேல் பதிய முடியாது. பிறகு டேப் வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில் பாருங்கள். செம்புப் பட்டியின்மேல் சிறு பஞ்சுத்துண்டு இருக்கும். அது விழுந்திருந்தால் ஒலி மங்கி, விட்டுவிட்டுக் கேட்கும். டேப்பே கெட்டுவிட்டது என்று பலர் தூக்கியெறிவது இந்தப் பஞ்சு விழுந்த கேசட்டுகளைத்தான். ஐந்து திருகாணி வைத்த வேறொரு கூட்டைத் திறந்து, அதற்குள் இந்த டேப்பை மாற்றிவைத்தால் சரியாகிவிடும். உருளைகளும் வழுக்குத் தாள்களும் எந்த வரிசையில் இருந்தன என்று திறந்ததும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முன் ஒரு முறை முழுதாக முன்னோக்கிச் சுற்றி, திரும்பச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த சுருள் தளரும். சி-120 கேசட்டின் டேப் மிக மெல்லியது, அதை வேகமாகச் சுற்றாமல் மெதுவாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் கருவியின் தலையைப் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள்.

ஒலி மூக்கடைத்தது போல் இருந்தால் தலையின் சாய்வு பொருந்தவில்லை. பதிந்த கருவியின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில்தான் கேட்க வேண்டும். தலைக்குப் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை, டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது, கால்சுற்றுக்கும் குறைவாக அங்குமிங்கும் திருப்புங்கள். 'ஸ', 'ச' ஒலிகள் திடீரென்று தெளிவாகும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். இரண்டு ஒலித்தடங்களையும் ஒன்றாக்கிக் கேட்டால் அந்த இடம் இன்னும் எளிதாகப் பிடிபடும். நாற்பதாண்டாகப் புரியாதிருந்த பேச்சு அந்தக் கால்சுற்றில் புரியத் தொடங்கும்.

வேவ் வடிவில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். இரு தடத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கத்தை மூலக்கோப்பில் செய்யாதீர்கள், கேட்பதற்கான நகலில் செய்யுங்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நிறுத்தாமல் டேப்பின் கடைசிவரை ஓடவிடுங்கள். பழைய பதிவின் வால் ஒன்று அங்கே மிஞ்சியிருக்கலாம்.

ஸ்பூல் டேப் (கூடு இல்லாத திறந்த சுருள்) ஓடும்போது கிறீச்சிட்டு, தலையில் பழுப்புப் பசை படிந்தால் உடனே நிறுத்துங்கள். 1970-களிலும் 80-களிலும் வந்த சில டேப்புகளின் ஒட்டுப்பொருள் ஈரத்தை உறிஞ்சிக் கூழாகியிருக்கும். ஆய்வகச் சூட்டுப்பெட்டியில் ஏறக்குறைய 54 டிகிரியில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வைத்தால் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும். அதற்குள் பதிந்துகொள்ள வேண்டும். சமையலறை அடுப்பில் முயலாதீர்கள், அதன் வெப்பம் ஏறி இறங்கும். சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊடே வெளிச்சம் தெரிந்தால் அது அசிடேட் டேப், அதைச் சூடாக்கவே கூடாது. வினிகர் வாடை வந்தால் அந்த டேப்பையோ ஃபிலிமையோ மற்றவற்றிலிருந்து தள்ளிக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, வரிசையில் முதலாவதாக நகலெடுக்கக் கொடுங்கள்.

1967-இல் சோனி கொண்டுவந்த 'போர்ட்டாபேக்' என்ற தூக்கிச் செல்லும் வீடியோக் கருவியால் வீடியோ தெருவுக்கு வந்தது. அந்த அரை அங்குலச் சுருள்களை நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம், பயிற்சியுள்ள நகலகத்துக்கு அனுப்புங்கள். சோவியத் நாட்டில் தடைப்பட்ட இசையை எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய தட்டுகளும் அப்படியே. ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் பள்ளத்தைத் தின்னும்.

ஆட்களோடு பேசுவது

தாளும் டேப்பும் சொல்லாததை ஆட்கள் சொல்வார்கள். 1967-இல் இருபது வயது என்றால் இப்போது என்ன வயது என்று கணக்குப் பாருங்கள். ஸ்கேன் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதல் சந்திப்பில் பதிவு வேண்டாம். என்ன செய்யப்போகிறீர்கள், எங்கே வைப்பீர்கள், அவருக்கு என்ன உரிமை என்பதைச் சொல்லுங்கள். இரண்டாம் சந்திப்பில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் பதிவு. ஒலிவாங்கியைச் சட்டையில் முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். மின்விசிறி, குளிர்பெட்டி, சுவர்க் கடிகாரம் மூன்றும் பேச்சைக் கெடுக்கும். ஆரம்பத்தில் தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் நால்வகையும் குரலிலேயே பதியட்டும். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் பின்னால் வந்த புத்தகங்களில் படித்ததையே திருப்பிச் சொல்வார்கள். கையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுங்கள். இதை எங்கே நின்று கொடுத்தீர்கள், தாள் வாங்கக் காசு யார் தந்தது, ஸ்டென்சில் கிழிந்தால் என்ன செய்வீர்கள், வாங்க மறுத்தவர்கள் என்ன சொன்னார்கள்? கேள்வி சிறிதானால் நினைவு பெரிதாக வரும். பதில் நின்றதும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நல்ல பதில்கள் பல அந்த ஐந்துக்குப் பிறகுதான் வருகின்றன.

தட்டச்சு செய்தது யார், சமைத்தது யார், அஞ்சல்தலை ஒட்டியது யார் என்று கட்டாயம் கேளுங்கள். இந்த இயக்கங்களின் கதை மேடையில் பேசிய ஆண்களின் கதையாகவே வந்து சேர்ந்திருக்கிறது. 1970 தொடக்கத்தில் நியூயார்க்கின் எதிர்ப்பண்பாட்டு இதழான 'ராட்'டைப் பெண்கள் கைப்பற்றித் தாங்களே நடத்தினார்கள். அதற்கு முன் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பெரும்பாலும் பெயர் போடப்படவில்லை. பெயர் போடாத அந்த வேலைக்காரர்களைத் தேடிப் பிடியுங்கள். தலைவர்களிடம் ஏற்கெனவே பலர் பேசிவிட்டார்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். வட்டார வழக்கையும் இழுத்த வாக்கியத்தையும் திருத்தாதீர்கள்.

எதை எல்லோருக்கும் காட்டலாம்?

இங்கே தவறினால் காயம் படுவது மனிதர். அசல் கிழிந்தால் நகல் இருக்கும். வெளியே போன பெயரைத் திரும்ப அழைக்க வழியில்லை.

'நீங்கள் உயிரோடிருக்கும்வரை யாருக்கும் தர மாட்டோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வட அயர்லாந்தின் ஆயுதப் போராளிகளிடம் 2001 முதல் 2006 வரை அப்படி ஓர் உறுதியின்பேரில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் திட்டத்துக்காகப் பேட்டிகள் பதியப்பட்டன. 2011-இல் போலீஸ் விசாரணைக்காக நீதிமன்ற ஆணை வந்து, சில பதிவுகள் கைமாறின. கொடுக்கக்கூடிய வாக்கு இவ்வளவுதான்: நாமாக வெளியிட மாட்டோம், நீதிமன்றம் கேட்டால் கொடுக்காமலிருப்பது நம் கையில் இல்லை. எனவே தண்டனைக்குரிய செயலையும் அதில் இருந்த பிறர் பெயரையும் பதிவுக் கருவி ஓடும்போது சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒப்புதலை இரண்டு முறை வாங்குங்கள். பேசுவதற்கு ஒன்று. எழுத்துப் பிரதியை அவர் படித்து, வேண்டாததை அடித்த பிறகு வெளியிடுவதற்கு இன்னொன்று. எந்தப் பகுதி எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தாளில் இடம் விடுங்கள்.

அச்சில் வந்துவிட்டதே, இனி என்ன மறைவு என்று எண்ண வேண்டாம். சில நூறு பேர் கைமாற்றிய தாளில் இருப்பதும், உலகத்தில் எவரும் பெயரைத் தட்டினால் வந்து நிற்பதும் ஒன்றல்ல. பெண்களை விரும்பும் பெண்களுக்கான இதழ் ஒன்றை ஒரு நிறுவனம் இணையத்தில் திறந்துவைத்து, அதில் படமாக வந்தவர்களைக் கேட்கவில்லை என்ற எதிர்ப்பு எழுந்ததால் 2016-இல் இறக்கியது. சந்தாதாரர் பட்டியல், முகவரி ஏடு, கைது விவரம், மருத்துவக் கடிதம், கூட்டத்தில் தெரியும் முகங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் மூடி வையுங்கள்.

காப்புரிமை தனி விஷயம். தாள் உங்களிடம் இருப்பதால் எழுத்து உங்களுடையதாகிவிடாது. இந்தியாவில் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு, அமெரிக்காவில் பின்னாளைய படைப்புகளுக்கும் ஐரோப்பாவிலும் பொதுவாக 70 ஆண்டு உரிமை நிற்கும். 1966-இல் உருவான, எதிர்ப்பண்பாட்டு இதழ்களின் கூட்டமைப்பான 'அண்டர்கிரவுண்ட் பிரஸ் சிண்டிகேட்'டின் உறுப்பு இதழ்கள் ஒன்றிலிருந்து ஒன்று தாராளமாக எடுத்துப் போட ஒப்புக்கொண்டிருந்தன. அது அவர்களுக்குள் செய்த ஏற்பாடு, நமக்குத் தந்த அனுமதி அல்ல. தேடிய முயற்சியைத் தேதியோடு எழுதிவையுங்கள். உரியவர் கேட்டால் எத்தனை நாளில் இறக்குவீர்கள் என்பதையும் பொதுவில் சொல்லிவிடுங்கள்.

வைக்கும் இடம்

தாளுக்கு 18 முதல் 21 டிகிரி வெப்பமும் 35 முதல் 50 சதவீத ஈரப்பதமும் நல்லது. அது முடியாத இடத்தில் ஏற்ற இறக்கத்தையாவது குறையுங்கள். ஈரப்பதம் 65-ஐத் தாண்டினால் பூஞ்சணம் கிளம்பும். சிறிய ஈரப்பத அளவி ஒன்றை அறையில் வைத்து வாரம் ஒரு முறை குறியுங்கள். பரண் வேண்டாம், சூடு. நிலத்தடி அறை வேண்டாம், வெள்ளம். வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், இரும்பு அலமாரி. கேசட்டுகள் புத்தகம் போல நிமிர்ந்து நிற்கட்டும்.

கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் உருவாக்கி வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பிடுங்கள். ஒரு பிட் மாறினாலும் எண் மாறும். அப்போது நல்ல பிரதியிலிருந்து திரும்ப எடுக்கலாம். வன்வட்டை ஐந்தாண்டுக்கொரு முறை மாற்றுங்கள். பென்டிரைவ் எடுத்துச் செல்வதற்கு, சேமிப்பதற்கல்ல.

அசலை நிறுவனத்துக்குக் கொடுப்பதா, இயக்கத்தாரே வைத்துக்கொள்வதா என்பதில் இரண்டு வழிக்கும் நல்ல முன்மாதிரி உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லபாடி தொகுப்பு, அராஜகவாதி ஜோசப் லபாடி 1911-இல் கொடுத்த தாள்களிலிருந்து வளர்ந்தது. ஆம்ஸ்டர்டாமின் சமூக வரலாற்று நிறுவனம் 1935 முதல் இருக்கிறது. மறுபக்கம், 1974-இல் நியூயார்க்கில் தொடங்கிய, பெண்களை விரும்பும் பெண்களின் ஆவணக்காப்பகமான 'லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ்' ஒரு வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் நடந்தது. எந்த நிறுவனத்தின் தயவிலும் இருக்கக் கூடாது என்பது அதன் முடிவு. இடமும் ஆளும் இருபதாண்டுக்கு உறுதி என்றால் இயக்கத்தாரிடமே இருப்பது மேல், ஏனென்றால் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒருவருடைய உற்சாகத்தில் மட்டும் நிற்கிறது என்றால் நிறுவனத்துக்குக் கொடுங்கள்.

கொடுக்கும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் ஐந்து வரி கட்டாயம் இருக்கட்டும். வரிசையைக் குலைக்காமல் வைப்பார்கள். மூடிய பகுதி எந்த ஆண்டில் திறக்கும். உரிமை மாறுகிறதா, தாள் மட்டும் மாறுகிறதா. இயக்கத்தார் கட்டணமின்றி வந்து பார்க்கலாம். அவர்களுக்கு வேண்டாமென்று ஆகும் எதையும் கழிக்கும் முன் உங்களுக்குத் திருப்பித் தருவார்கள். ஐந்தாவது வரியை அவர்கள் தயங்கினாலும் விடாதீர்கள். இரண்டாம் பிரதி என்று கழிக்கப்படும் இதழின் ஓரத்தில்தான் யாரோ பென்சிலால் கூட்டத்தின் தேதியைக் குறித்திருப்பார்.